சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம்

உற்றார் உறவினர்களுக்கும், அக்காவின் ஜாடிக்குள் ஒரு நாளாவது கைவிட்ட குளுவாங் பெண்மக்களுக்கும் தங்கையின் வணக்கம்.

அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. தலைத்திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு மலர் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் மூத்த மகனுடைய ஆசை. அவன் என்னிடம் வந்து, "சின்னம்மா, அம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதணும். கூடப் பொறந்தவங்க நீங்க ஒருத்தங்கதான். சின்ன வயசுலேருந்து பார்த்தவங்க வேற யாரு இருக்கா?" என்றான். நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று நம்பிக் கேட்டான், பாவம். அக்காவைப் பார்த்து வாழ்நாள் முழுதும் வயிறெரிந்தவளிடம் காகிதத்தைக் கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. நல்ல வார்த்தைகளும் எழுதுகிறேன். ஆனால் ஒரு காரியத்தை இத்தனை வருஷம் மறைத்து வைத்திருக்கிறேன். இந்த மலரிலும் அதை விட்டுவிட்டால் பிறகு சொல்ல எனக்கு இடம் கிடைக்காது.

அக்கா தஞ்சாவூர்ச் சீமையில், மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். நான் அவருக்கு மூன்று வயது இளையவள். அக்காவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா எங்களையெல்லாம் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினார். ஜோகூர்க் காட்டை வெட்டித் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவுக்கு அந்த வேலை. பாதை நகர நகர நாங்களும் நகர்ந்து, கடைசியில் குளுவாங்கில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடான ரயில்வே லயத்தில் ஓர் அறை கிடைத்தது. வந்த இரண்டாம் வருஷமே காட்டுக் காய்ச்சலில் அம்மா போய்விட்டார். பதினொரு வயதில் அக்கா அடுப்படிக்குப் போனார். அப்பாவுக்குச் சோறு கட்டுவதும், துணி துவைப்பதும், என் தலையை வாரிப் பின்னுவதும் அவர் வேலை ஆயின.

என் பொறாமைக்கு அப்போதே வயது தொடங்கிவிட்டது. லயத்துக்கு வருகிறவர்களெல்லாம் அக்காவைப் பார்த்து, "பெரியவ தங்கம்" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்த்து, "சின்னவளும் இருக்கா" என்பார்கள். நான் இருந்தேன், அவ்வளவுதான்.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டம்மா லயத்துப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க முன்வந்து அப்பாவிடம் கேட்டார்: "இரண்டு பிள்ளையளையும் அனுப்புங்கோ."

"ரெண்டு பேரும் வந்துட்டா ஒலை யாரும்மா வைக்கிறது?" என்றார் அப்பா.

"தங்கச்சி போகட்டும்ப்பா. எனக்கு வேலை கெடக்கு" என்றார் அக்கா.

நான் போனேன். நன்றாகவே படித்தேன். மற்றப் பிள்ளைகள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். லயத்துப் பெண்களில் கடிதம் வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஆனால் கடிதம் எழுதிவாங்க வருகிறவர்கள்கூட என்ன சொல்லுவார்கள் தெரியுமா? "ஒங்க அக்கா விட்டுக்குடுத்துதானே நீ படிச்ச" என்பார்கள். படித்தது நான், பெயர் அவருக்கு. எழுத்துப் பிழையில்லாமல் எழுதிய அத்தனை கடிதத்திலும் எனக்கு அந்த எரிச்சல் இருந்தது.

அக்காவை ரயில் பாதையில் கைகாட்டி மாற்றும் வேலையில் இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். என்னைப் பாசார்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், கலியாணத்தன்று எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அக்காவுக்கு லயத்தில் ஓர் அறை, எனக்கு மாடி வீடு. அக்கா கையில் கண்ணாடி வளையல், என் கையில் தங்கம். இனிமேல் என்னையும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஜாடி வரும்வரைதான் நிலைத்தது.

ஜாடி வந்த கதையை இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெர்மன் சண்டை முடிகிற சமயத்தில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் அடித்ததே, அதில் லயத்தில் ஒரு பெண் கணவனை இழந்தாள். இரண்டு பிள்ளைகள். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு முறம் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தோம். அவள் முறத்தை அப்படியே திருப்பி வைத்துவிட்டாள். "இன்னிக்குக் குடுப்பீங்க. நாளைக்குக் கொழாயடியில என்னையப் பாத்தா ஒங்க மூஞ்சி மாறும். எனக்கு வேணாம்" என்றாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கொடுக்கப் போன இடத்தில் இத்தனை திமிரா என்றேன். அக்கா முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் கழித்துச் சீன முதலாளி தவுக்கையின் கடைக்குப் போய், உப்பு முட்டை வந்த பெரிய ஜாடி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். எத்தனை கழுவியும் அதன் உப்பு வாடை கடைசிவரை போகவில்லை.

கோயிலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையின் மூலையில் ஜாடியை வைத்தார். முன்னால் சாக்குத் திரை ஒன்றைத் தொங்கவிட்டார். மாவு மூட்டைத் துணியில் எல்லாருக்கும் ஒரே அளவாகப் பைகள் தைத்தார். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு தேங்காய்ச் சிரட்டை போட்டார், பை காலியாக இருந்தாலும் உப்பலாகத் தெரிவதற்கு. பிறகு வீடு வீடாகப் போய் வழக்கத்தைச் சொன்னார். உலைக்கு அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனியே பால் டின்னில் போட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைப் பையில் கொட்டி, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவாருங்கள். திரைக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகப் போக வேண்டும். இருக்கிறவள் போடட்டும். இல்லாதவள் எடுக்கட்டும். எடுக்க வந்தவளும் முதலில் ஒரு பிடி போட்டுவிட்டு எடுக்கட்டும், வீட்டில் அந்த ஒரு பிடி இருந்தால். எல்லாரும் போன மாதிரியே பையை மறைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். யார் போட்டது, யார் எடுத்தது என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. அக்கா எல்லாருக்கும் கடைசியில் போவார். தேவைப்பட்டவர்கள் எடுத்த பிறகு மிஞ்சியதைப் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் அனுப்புவார்.

அந்த முறத்தைத் திருப்பித் தந்த பெண்ணும் வந்தாள். எங்களைப் போலவே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள், வெளியே வந்தாள். மறுநாள் குழாயடியில் எங்களோடு சிரித்துப் பேசினாள். ஊரில் அக்காவை "ஜாடியக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் சொந்தப் பிள்ளைகளே அப்படிக் கூப்பிட்டார்கள். மாடி வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கும் இதில் ஓர் இடம் வேண்டும் என்று தவித்தேன். என்னிடம் இருந்தது எழுத்து ஒன்றுதான். ஒரு நாள் அக்காவிடம் போனேன்.

"அக்கா, நான் ஒரு நோட்டுப் போட்டுப் பேர் எழுதி வைக்கிறேனே. யாரு குடுத்தா, யாருக்குப் போச்சுன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா என்ன சொல்லுவ?"

"வேணாம், தங்கச்சி."

"சும்மாதான் எழுதித் தரேன். ஒன்கிட்டக் கூலியா கேக்கப் போறேன்?"

"பேரு எழுதுற எடத்துக்கு எடுக்கிறவ வரமாட்டா. போடுறவ மட்டும் வந்து நின்னுக்குவா."

நான் வந்து நிற்க ஆசைப்பட்டவள் என்பது அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்த ஒரே வித்தைக்கும் அந்தக் கொட்டகையில் வேலை இல்லை என்று ஆகிவிட்டது.

வேறு வழி பார்த்தேன். என் வீட்டுக்காரரை நச்சரித்து ஒரு முழு மூட்டை அரிசி வாங்கினேன். சாக்கின் மேல் எங்கள் கடைப் பெயர் சிவப்பு மையில் கொட்டை எழுத்தாக இருக்கும். வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்துக் கூலியாள் தலையில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பது என் திட்டம். அக்காவுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. வியாழக்கிழமையே அவர் வந்து, "மூட்டை கனமா இருக்கும், நானே எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று கைவண்டியோடு நின்றார். மறுநாள் நான் போய்ப் பார்க்கும்போது அரிசி ஜாடிக்குள் இருந்தது. பழைய திரை நைந்துபோனதால், என் சாக்கை இரண்டாகக் கிழித்து ஒட்டுப்போட்டுப் புதுத் திரையாக்கித் தொங்கவிட்டிருந்தார். கடைப் பெயர் உள்பக்கம். உள்ளே போகிறவர்கள் மட்டும்தான் பார்க்கலாம். பார்த்தாலும் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்! வாராவாரம் எங்கள் கடைப் பெயரை நானே வாசித்துக்கொண்டு ஒரு பிடி அரிசி போட்டுவிட்டு வருவேன்.

இப்படியே பல வருஷம் போயிற்று. அதன் பிறகுதான் கித்தா விலை, அந்த ரப்பர்ப் பால் விலை, விழுந்தது. அந்த நாட்களை நான் விவரிக்க வேண்டாம், நீங்கள் எல்லாரும் பட்டதுதான். பெக்கோக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களை நிறுத்திவிட்டார்கள். ஊர் திரும்பக் கப்பலுக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு குளுவாங் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார்கள். ஜாடியில் மிஞ்சியதைக் கஞ்சியாகக் காய்ச்சி அக்கா ஸ்டேஷனுக்கு எடுத்துப்போவார். பிறகு மிஞ்சுவதே நின்றுபோயிற்று. போடுகிறவர்களே எடுக்கிறவர்கள் ஆன காலம். எங்கள் கடையிலும் வியாபாரம் படுத்துவிட்டது, ஆனால் சோற்றுக்குக் குறைவில்லை. அக்கா வீட்டுக்காரர் சிகாமட் பக்கம் வேலை மாறிப் போயிருக்கிறார் என்று அக்கா சொன்னார். நானும் நம்பினேன். நான் அவர் வீட்டுப் பக்கம் அதிகம் போவதில்லை. போனால் யாராவது வந்து அக்காவைப் புகழ்வார்கள், அதைக் கேட்க வேண்டியிருக்கும்.

இனிதான் நான் சொல்லவேண்டிய காரியம்.

திரையில் ஒட்டுப்போட்ட தையல் ஓரிடத்தில் விட்டிருந்தது. இரண்டு விரல் அகலம் இருக்கும். முறை வரும்வரை உட்காரப் பக்கத்தில் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்தால் சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். முதலில் பார்த்தவுடன் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அதற்கு நேராகப் பலகையில் இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டேன். மற்றவர்கள் உள்ளே போகும்போது தலையைக் குனிந்துகொள்வேன், அந்த அளவுக்கு மரியாதை எனக்கு இருந்தது. எனக்கு அக்காவைத்தான் பார்க்க வேண்டும். கடைசியில் போகிறாரே, அத்தனை நேரம் உள்ளே என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

பார்த்தேன். அக்கா முதலில் ஒரு பிடி போட்டார். பிறகு கையைத் தோள்வரை ஜாடிக்குள் விட்டு எடுத்துப் பையில் போட்டார். இன்னொரு தடவை எடுத்தார். மூன்றாம் தடவையும் எடுத்தார்.

என் நெஞ்சில் அப்போது என்ன வந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். சந்தோஷம் வந்தது. பெரியவள் தங்கம் என்றார்களே, இப்போது பார்க்கட்டும் என்று வந்தது. அக்கா வீட்டில் அரிசி இல்லையோ என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. கூடப் பிறந்தவளுக்கு முதலில் வந்திருக்க வேண்டிய எண்ணம் அது.

வெளியே வந்ததும் ஒருவரிடம் சொன்னேன். அவர் பெயரை எழுதவில்லை, இந்த மலர் அவர் கைக்கும் போகும். "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சொல்லித்தான் சொன்னேன். சீக்கிரம் பரவ வேண்டும் என்றால் எல்லாரும் அப்படித்தானே சொல்வோம். "ஜாடிக்காரியே மூணு பிடி அள்ளிக்கிறா" என்றேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். மூன்றாவது பிடியை எடுத்த அக்கா, கொஞ்ச நேரம் ஜாடிக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிட்டு, அதில் பாதியைத் திரும்பப் போட்டார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

செய்தி பரவியது. ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி ஒருவரும் அக்காமேல் கோபப்படவில்லை. அவர்கள் பிடித்துக்கொண்டது வேறு விஷயம். "அப்ப உள்ள நடக்கிறது வெளியில தெரியுதா?" என்றார்கள். எனக்கு அப்போதுதான் சுரீர் என்றது. நான் அக்காவின் பெயரைக் கெடுக்க நினைத்தேன். கெட்டது திரை.

அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டகையில் பாதிப் பேர்கூட இல்லை. வந்தவர்கள் எல்லாரும் போட வந்தவர்கள். எடுக்க ஒருவரும் வரவில்லை. ஜாடியில் அரிசி இருந்தது, ஊரில் பசியும் இருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. அந்த வாரம் லயத்தில் பிள்ளை பெற்று மாதம் ஆகாத ஒரு பெண் குழாயடியில் மயங்கி விழுந்தாள். இரண்டு வாரமாக மரவள்ளிக்கிழங்கும் அதன் இலையும்தான் ஆகாரம் என்று பிறகு தெரிந்தது. அவள் பெயரையும் எழுதமாட்டேன், அது ஜாடியின் சட்டம். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு ஓடினேன். "எனக்கு ஒண்ணுமில்லைக்கா, வெயிலு" என்றாள். ஒரு மிடறுகூட வாங்கிக்கொள்ளவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் முறம் திரும்பி வந்ததே, அதே கதைதான். அந்தப் பிள்ளை பாலில்லாமல் அழுத சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பாசார்வரை நடந்துவந்தேன்.

மூன்றாவது வாரம் அக்கா வீடு வீடாகப் போனார். "நாளைக்கு மட்டும் வாங்க. பையக் கொண்டாராட்டியும் சரி. ஒரு பேச்சு இருக்கு" என்று கூப்பிட்டார். எல்லாரும் வந்தார்கள். மயங்கி விழுந்த பெண்ணும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். நான் வழக்கமான பலகையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா என் பெயரைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அக்கா திரையை முழுதாக ஒதுக்கினார். எல்லாரும் பார்க்கத் தன் பையைத் திறந்து சிரட்டையை எடுத்துக் கீழே வைத்தார். ஜாடிக்குள் கைவிட்டு ஒவ்வொரு பிடியாக எடுத்துப் பையில் போட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பேசிக்கிறது நெசந்தான். நான் எடுக்கிறேன். ஆறு வாரமா எடுக்கிறேன். எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிருச்சு. சிகாமட்டுல வெள்ளம் அரிச்ச பாதைக்கு மண்ணு கொட்டுறாரு, கூப்பிட்டாத்தான் கூலி. வீட்டுல நாலு புள்ளைங்க. ஜாடி வச்சவ எடுக்கக்கூடாதுன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல, நீங்களும் சொன்னதில்ல. இப்ப என்னையப் பாத்தாச்சு. பாக்கணும்னு இருந்தா அதோட போதும். இனிமே வேற யாரையும் பாக்க வேணாம்."

அக்கா திரையை இழுத்துவிட்டார். இடுப்பில் செருகியிருந்த சாக்கு ஊசியையும் சணலையும் எடுத்தார். எத்தனையோ பேர் நின்றார்கள். நேராக என்னிடம் வந்து ஊசியை நீட்டினார்.

"நீ தச்சுரு, தங்கச்சி. எடம் ஒனக்குத் தெரியும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். தையல் நன்றாக வரும் தங்கையிடம் ஒரு வேலையைக் கொடுக்கிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் எழுந்து போனேன். ஊசிக் கண்ணில் சணல் ஏறவில்லை, கண்ணில் தண்ணீர். உட்கார்ந்த இடத்திலிருந்து எந்த உயரமோ அந்த உயரத்தில் கிழிசலைத் தேடாமலே கண்டுபிடித்துத் தைத்தேன். நான் தைத்து முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்று துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு முதலில் உள்ளே போனவள் அந்தப் பிள்ளைக்காரி. பையை மறைத்துக்கொண்டு போனாள், மறைத்துக்கொண்டு வந்தாள்.

இத்தோடு நான் திருந்தினேன் என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. "தானே எழுந்து நின்னு சொல்லிச்சே, எந்தப் பொம்பளைக்கு வரும் அந்தத் தைரியம்" என்று அக்காவின் பெயர் முன்னைவிட இரண்டு பங்கு ஏறியது. என் கோள் அவருக்கு மாலையாகப் போய் விழுந்தது. குற்றத்தில் குறுகிக்கொண்டே பொறாமையும் பட்டேன். இரண்டும் ஒரு நெஞ்சில் இருக்குமா என்று கேட்காதீர்கள், இருந்தது. அக்கா அந்தப் பேச்சை ஒரு நாளும் எடுக்கவில்லை. எடுத்து நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குக் கோபித்துக்கொள்ளவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

காலம் தேறியது. அத்தானுக்கு ரயில்வேயில் மறுபடி வேலை கிடைத்தது. பிள்ளைகள் தலையெடுத்தார்கள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு முட்டும், இரவு பகல் தலையணையில் சாய்ந்தபடி உட்கார்ந்தே இருப்பார். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து மருந்து கொடுத்தார். நான் தினமும் காலையில் கஞ்சியோடு போய்ச் சாயங்காலம்வரை கூட இருந்தேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அக்கா, அத்தானுக்கு வேலை போனப்ப என்கிட்ட ஏன் கேக்கல? கடையே இருந்துச்சே. ஒரு மூட்டை அனுப்பியிருக்க மாட்டேனா?"

அக்கா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அனுப்பியிருப்ப."

"அப்புறம் என்ன?"

"அனுப்பினதை நீ மறந்திருக்க மாட்ட, தங்கச்சி. எனக்கு நீ வேணும். ஒரு மூட்டை அரிசிக்கு ஒன்னைய விட்டுட முடியுமா?"

பிறகு என் கையைப் பிடித்து, "கஞ்சியில உப்புப் போட மறந்துட்ட" என்றார். நான் உப்பு எடுக்கப் போகிற சாக்கில் அடுப்படியில் நின்று அழுதேன். அதற்குப் பதினோராம் நாள் அக்கா போய்விட்டார்.

வாய்க்கரிசி போட வந்தவர்களை நீங்கள் பார்த்தீர்கள். வரிசை லயத்தைத் தாண்டிப் பாதைவரை நின்றது. சாவு வீட்டு அரிசியை யாரும் எடுக்கவில்லை. அவரவர் வீட்டுப் பால் டின்னிலிருந்து ஒரு பிடி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்திருந்தார்கள், வெள்ளிக்கிழமைக்கு வருகிற மாதிரி. ஜாடியில் போட்டவளா, ஜாடியிலிருந்து எடுத்தவளா என்று ஒரு முகத்திலும் தெரியவில்லை. நான் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அழுகைக்கு நடுவில், எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று. போகிற அக்காவிடம்கூட நான் பொறாமைப்பட்டுத்தான் அனுப்பினேன்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அக்காவின் கடைசி நாட்களில் வந்து பார்த்த டிரஸ்ஸருக்கும், கொட்டகையைத் தந்த கோயிலாருக்கும், ஜாடிக்குக் காசு வாங்க மறுத்த சீனத் தவுக்கைக்கும், பாடை கட்டித் தோள் கொடுத்த ரயில்வே லயத்து ஆண்மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இத்தனை வருஷம் ஜாடியில் அரிசி போட்டவர்களுக்கு நன்றி. எடுத்தவர்களுக்கும் நன்றி, நீங்கள் எடுத்ததால்தான் அக்காவாலும் ஒரு நாள் எடுக்க முடிந்தது. பெயர் சொல்லி நன்றி கூற என்னிடம் பட்டியல் இல்லை. பட்டியல் எழுத வந்தவளை அக்கா திருப்பி அனுப்பிவிட்டார் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் வர முடியாமல் பசியோடு இருந்தவர்கள் யார் யாரோ, அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கிழிசல் வழியே பார்த்தவள் நான்தான்.

காரியம் முடிந்த வாரம் பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். "ஜாடியை நீங்க பாத்துக்குங்க" என்றார்கள். நான் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட இடம். அன்றைக்கு எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் ஏற்றுக்கொண்டேன்.

இந்த மலரை உங்கள் கையில் ஒரு மாவுத்துணிப் பைக்குள் போட்டுத் தந்திருக்கிறோம். எல்லாம் நான் தைத்தவை, எல்லாம் ஒரே அளவு. சிரட்டையும் உள்ளே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கொண்டுவாருங்கள். திரை அதே திரைதான். நான் போட்ட தையல் இன்னும் விடவில்லை. நீங்கள் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு வாரமும் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பலகையைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்கிறேன். யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை, அக்கா.